மூன்றாவது நிலவனில் போன அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

நீ கடற்சமரில் சாகவில்லை. உன் படத்துக்குக் கீழே அப்படி எழுதி வைத்திருப்பவர்கள் பொய் சொல்கிறார்கள்.

இத்தனை வருடம் எனக்கும் அது தெரியாது. அம்மாவும் நானும் பாரிசுக்கு வந்ததிலிருந்து வருடந்தோறும் அஞ்சலி மண்டபத்தில் உனக்கு விளக்கேற்றினோம். 'நிலவன் படகில், கடற்சமரில்' என்ற வரியை அம்மா ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்ப்பார்.

போன மாதம் ரூ பஜோல் தெருவில் மூர்த்தி அண்ணையைக் கண்டேன். உன்னோடு படகில் இயந்திரம் பார்த்தவர், இப்போது லா சப்பலில், தமிழ்க் கடைகளுக்கு நடுவே, உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார். அந்த வரியைச் சொன்னேன். சிரித்தார்.

"எந்த நிலவன், பிள்ளை? மூண்டு நிலவன் இருந்ததெல்லே."

இயக்கத்தில் செத்த தோழனின் பெயரைப் படகுக்கு வைப்பீர்களாம். அந்தப் படகும் போனால் பெயர் அடுத்ததற்குப் போகுமாம். முதல் நிலவன் சரக்குப் படகுகளுக்குக் காவலாகப் போய் நடுக்கடலில் ஆட்களோடு தாழ்ந்தது. இரண்டாவது கரையில் குண்டு விழுந்து எரிந்தது. நீ ஏறியது மூன்றாவதில். மண்டபத்துக்காரர் முதலாவதின் சாவை எடுத்து உன் தலையில் கட்டிவிட்டார்கள்.

மூன்றாவது இரண்டு வருடம் ஓடியது. சரக்கு இறங்கி முடியும்வரை வெளிக்கடலில் காவல் நின்றது. பிறகு காக்கச் சரக்கும் இல்லை, ஓட எரிபொருளும் இல்லை. இரண்டு இயந்திரத்தில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 2009இல், சனம் வெளியேற இயக்கம் விடாத நாட்களில், அது ஓலைக்குக் கீழே கிடந்தது.

"உன்ரை அண்ணன் ஒரு விசரன்," என்றார் மூர்த்தி அண்ணை. "ஓலையை இழுத்து எறிஞ்சுபோட்டு, 'காவல் படகுதானே அண்ணை, சனத்துக்குக் காவல் போவம்' எண்டான். பதினேழு பேரை ஏத்தினம். ஒத்தை எஞ்சினிலை எருமை மாதிரிப் போச்சுது."

"போய்ச் சேர்ந்தியளோ?"

"சனம் சேர்ந்தது. அவனுக்கு வழியிலையே முதுகிலை சூடு."

"ஆமியோ?"

"நாங்கள் வெளிக்கிட்ட கரையிலையிருந்து வந்த சூடு. அங்கை ஆமி இல்லை, பிள்ளை."

உன்னை அக்கரை மணலில் அவரே புதைத்தாராம். கோப்பை கழுவப் போய்விட்டார்.

மண்டப ஏற்பாட்டாளரிடம் போனேன். சண்டை முடிய வெகுகாலத்துக்கு முன்பே வந்து இங்கே கடை போட்டவர். ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை.

"விளங்குது, தங்கச்சி. ஆனா நிலவன் எண்டா நிலவன்தானே? இதை இப்ப கிளறி ஆருக்கு என்ன லாபம்?"

அவருடைய பிள்ளைகள் இங்கே லிசே என்ற உயர்பள்ளியில் படிக்கிறார்கள். அடுத்தவன் வீட்டுப் பிள்ளை மட்டும் கடற்சமரில் செத்திருக்கவேண்டும். பயந்த சனத்தை ஏற்றிக்கொண்டு போனதற்காகச் சுடப்பட்டிருக்கக் கூடாது. அப்படிச் செத்தவர்களுக்கு இங்கே படம் இல்லை.

அம்மாவிடமும் சொன்னேன். அழவில்லை. "கடலிலை எண்டே கிடக்கட்டும். மாத்தச் சொன்னால் துரோகி எண்டு படத்தைக் கழட்டிப்போடுவாங்கள். பிறகு நான் எங்கை போய் விளக்கு வைக்கிறது?" என்றார். நீயே சொல், அண்ணா, அவர் எங்கே போவார்?

ஆனாலும் நேற்று மண்டபத்தில் எழுந்து நின்றேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தார். பிறகு விட்டுவிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். ஒலிவாங்கியில் அடுத்தவருடைய பெயரை வாசித்தார்கள்.

நீ எப்படிச் செத்தாய் என்று இனி நான் மறைக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அவர்களிடம் கேட்டதை இங்கேயும் எழுதுகிறேன்: என் அண்ணா பதினேழு பேரைக் கரைசேர்க்கும்போது எங்கள் பக்கத்துச் சூட்டில் செத்தார் என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். முடியாதென்றால், ஏன் முடியாதென்று என் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உன் தங்கச்சி