மூன்றாம் கெல்மோராவே முதலிடம்

14.1.2007, ஞாயிறு, அரியலூர்

முடித்துவிட்டேன்! பதினோராவது முயற்சி. காலைப் பூசை முடிந்து வந்து ஒன்பதரைக்குக் கேம் செட்டைக் கையில் எடுத்தேன். மாலை நாலேகாலுக்கு மூன்றாம் கெல்மோராவின் கடைசிக் கோட்டையில் அந்த இரும்புக் கழுகு விழுந்தது. நடுவில் எழுந்தது ஒரே ஒரு தடவை.

அம்மா தட்டோடு வந்து நின்று, "இருபத்தஞ்சு வயசுக் கழுதைக்கு இன்னும் பொம்மை வெளயாட்டு. கண்ணு அவிஞ்சு போவப்போவுது" என்றாள். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது? கடைசியில் அவளே நாலு வாய் ஊட்டினாள். திட்டிக்கொண்டேதான் ஊட்டினாள்.

அண்ணன் செல்வம் போன வருடம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, தான் ஆடிச் சலித்ததை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். கையில் வைத்து ஆடும் கேம் செட் ஒன்று, கெல்மோரா கேசட் நாலு. நாலிலும் ஒரே பெண். நீலச் சட்டை, கொக்கிக் கயிறு, கோட்டை கோட்டையாக ஏறுவாள். மூன்றாவது மட்டும் முழுக்க ஜப்பான் எழுத்து. அட்டைப்பெட்டியும் கிடையாது, விளக்கப் புத்தகமும் கிடையாது. அதையே முடித்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்!

நாலையும் முடித்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். சந்தேகமே இல்லை.

17.1.2007

நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஹார்டுவேர் வகுப்பு எடுக்கும் பிரேம்குமாரோடு சண்டை. நான் டேலி கணக்கு வகுப்பு எடுக்கிறேன், அவர் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுக்கிறார். முதல் இரண்டு கெல்மோராவையும் என்னிடம் இரவல் வாங்கித்தான் ஆடினார். ஆடிவிட்டு எனக்கே பாடம்!

"மொத பார்ட்டுதான் மிஸ் ஒஸ்தி. மத்ததெல்லாம் அதோட நகலு" என்றார்.

"மூணாவது ஆடிப் பாத்தீங்களா?"

"அதான் பாதியில நிறுத்தவே முடியாதுன்னீங்களே. எனக்கெல்லாம் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு மிஸ்."

ஆடாமலே தீர்ப்பு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

22.1.2007

'பொத்தான்' மாத இதழில் போட்டி. ஏதாவது ஒரு கேம் வரிசையை எடுத்து, பாகங்களை ஒப்பிட்டு, எது சிறந்தது, ஏன் என்று எழுத வேண்டும். நன்றாக எழுதுபவருக்கு மாதாமாதம் இரண்டு பக்கம். பக்கத்தின் தலையில் பெயர்!

எனக்கு அது வேண்டும். இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. மெட்ராஸ்காரர்கள் மட்டும்தான் எழுதுவார்களா? டேலி எடுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கெல்மோராவைப் பற்றி எழுத என்னை விட்டால் யார்?

28.1.2007, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் கை நிற்கவில்லை. குறிப்பு மட்டும் இங்கே:

ஒன்று. நிறமே இல்லை, ஆனாலும் இருட்டு இருட்டாக இருக்கிறது. அவள் குதித்தால் காற்றில் அரை நொடி மிதப்பாள், அந்த அரை நொடியிலேதான் முழு ஆட்டமும். ஒவ்வொரு கோட்டை முடிந்ததும் பதினாறு எழுத்துள்ள ரகசியச் சொல் திரையில் வரும். எழுதி வைத்து மறுநாள் கொடுத்தால் அங்கிருந்தே தொடரலாம். நான் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதி இரண்டு கோட்டையை இழந்திருக்கிறேன். எனக்கு வேணும்.

இரண்டு. வண்ணம் வந்தது, வாயும் வந்தது. வழி நெடுக ஒரு வியாபாரி உட்கார்ந்துகொண்டு "அங்கே போகாதே, இங்கே போ" என்கிறான். கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி. ஆனால் வரைபடம் நாலு பாகத்திலும் இதில்தான் அழகு. போன வழியே திரும்பி வந்தால் கதவு வேறு இடத்தில் திறந்திருக்கும்.

நாலு. பளபளப்பு. எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் சேமிக்கலாம். குதிப்பதற்கு முன் சேமி, குதித்த பின் சேமி. விழுந்தால் என்ன போச்சு? பயமே இல்லாத கோட்டையில் எனக்கென்ன வேலை.

மூன்று. இதில் ரகசியச் சொல்லும் கிடையாது, சேமிப்பும் கிடையாது. அணைத்தால் போச்சு. செத்தால் முதல் கோட்டை. எவ்வளவு துணிச்சல் இருந்தால் ஒருத்தன் இப்படிச் செய்வான்! ஆறு இடத்தில் ஒரு சின்ன அறை வரும். அதில் ஒரு மணி. அடித்தால் அவள் மண்டியிடுவாள், மேலிருந்து வெளிச்சம் விழும், திரையில் ஜப்பான் மொழியில் ஏதோ கேள்வி வரும், இரண்டு பதில் இருக்கும். எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. உயிர் ஏறாது, ஆயுதம் வராது. வெறும் அமைதி. எழுந்து போக வேண்டியதுதான்.

இந்த அறையைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். அம்மா எனக்கு வாத்தியார் வேலை கிடைக்க ஒன்பது நாள் ஜெபம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! கிடைக்கவில்லை. ஆனாலும் ஜெபம் முடித்து எழும்போது அவள் முகம் தெளிந்திருக்கும். அதைத்தான் எழுதினேன். கேட்டதைக் கொடுக்காத அறை, ஆனால் ஆளை நிமிர்த்தி அனுப்பும் அறை. எழுதும்போது அழுதுவிட்டேன். வெட்கமென்ன, அழுதேன்.

3.2.2007

தபாலில் சேர்த்தாயிற்று. இனி அவர்கள் பாடு.

10.3.2007

சென்டருக்கே போன்! 'பொத்தான்' ஆசிரியர் முருகையன் சார். "ஏம்மா, அந்த மணி அறைய பத்தி எழுதியிருக்கியே, ஆபீஸ்ல நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். ஏப்ரல் இதழ்ல வருது" என்றார்.

பக்கம் எனக்கா என்று கேட்டேன். கேட்காமல் இருப்பேனா?

"வாசகர் கடிதம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு மே மாசம் முடிவு. ஆனா இப்போதைக்கு நீதான் முன்னாடி நிக்கிற" என்றார்.

நிற்பேன். நின்றுகொண்டே இருப்பேன்.

5.4.2007, பெரிய வியாழன்

வந்துவிட்டது! நாற்பத்திரண்டாம் பக்கம். 'அ. ஜெயராணி, அரியலூர்.' ரயில் நிலையக் கடையில் இருந்த மூன்று பிரதியையும் வாங்கிவிட்டேன். சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது ஒன்று கைப்பையில் இருந்தது. ஆண்டவர் மன்னிப்பார்.

அப்பா, வாத்தியார் இல்லையா, சிவப்பு மையில் இரண்டு சந்திப்பிழை திருத்திவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அமிர்தசாமி வாத்தியார் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

23.4.2007

முருகையன் சாரிடமிருந்து கவர். உள்ளே வாசகர் கடிதம் ஒன்று. அப்படியே ஒட்டி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"மூன்றாம் கெல்மோராவில் சேமிக்க முடியாது என்று எழுதிய அக்காவுக்கு: அந்த மணி அறைதான் சேமிக்கும் இடம். இதுகூடத் தெரியாமல் இரண்டு பக்கம் தத்துவம். அக்காவைச் சமையல் குறிப்பு எழுதச் சொல்லவும். அழகேசன், பெரம்பலூர்."

பெரம்பலூர்! கோயம்புத்தூர்க்காரன் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வந்துடலாம். சமையல் குறிப்பாமில்ல! பதினோரு தடவ செத்து செத்துப் பொழச்சு முடிச்சவடா நானு. நீ என்னத்தக் கிழிச்ச? மணிய நான் அடிக்கலயா? நூறு தடவ அடிச்சிருப்பேன். அணைச்சுட்டுப் போட்டா மொதல்லேர்ந்துதானே வருது? என் கண்ணால பாத்தத இல்லன்னு சொல்றதுக்கு இவன் யாரு?

கவரின் பின்னால் ஆசிரியர் கையெழுத்து: "உண்மையா அம்மா? உடனே போன் செய்யவும்."

செய்யவில்லை.

24.4.2007

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

கேசட்டைப் பிரேம்குமாரிடம் கொடுத்து, "தெறந்து பாருங்க" என்றேன். மதிய இடைவேளையில் திருகாணியைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பலகையில் கடிகாரத்தில் போடுகிற மாதிரி ஒரு வட்ட பேட்டரி. மீட்டரை வைத்தார். முள் அசையவே இல்லை.

"செத்துப் போச்சு மிஸ். இது உயிரோட இருந்தாத்தான் கேசட்டு எதையும் ஞாபகம் வச்சுக்கும். ஒரிஜினலும் இல்ல, டூப்ளிகேட்டு. வாங்கும்போதே செத்திருக்கும்."

பழைய மதர்போர்டு ஒன்றிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி, இரண்டு ஒயரைப் பற்றவைத்தார். கொஞ்சம் பெரிசு, மூடி மூடவில்லை, செலோடேப் சுற்றினார். முதல் மணி அறை வரை ஆடினேன். மணி அடித்தேன். மண்டியிட்டாள். மேல் பதிலை அழுத்தினேன். அணைத்தேன். போட்டேன். முதல் திரையில் இரண்டு வரி இருக்கும். கீழ் வரியை அழுத்தினால் இத்தனை மாதமும் டொக்கென்று ஒரு சத்தம் மட்டும் வரும். அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அழுத்தினேன்.

மணி அறையில் நின்றுகொண்டிருந்தாள்.

அழுது எழுதின பத்தி. அம்மாவின் ஜெபத்தையெல்லாம் இழுத்து எழுதின பத்தி. அது சேவ் பட்டன்!

பிரேம்குமார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "டீ சொல்லட்டா மிஸ்?" என்று கேட்டார். அவ்வளவுதான், பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்து நாலு மணி டேலி வகுப்பு எடுத்தேன்.

25.4.2007

அண்ணன் போனில்: "அதுவா? ஜப்பான் பாஷைன்னு அஞ்சு நிமிஷத்துல தூக்கிப் போட்டுட்டேன். நீ ஏன் கேக்குற?" போனை வைத்துவிட்டேன்.

29.4.2007, ஞாயிறு

நாலு நாளில் மறுபடியும் முடித்தேன், மணி அடித்து அடித்து. மொத்தமே ஐந்து மணி நேரம். செத்தால் போன மணி அறை, அதே இடம், இன்னொரு தடவை. கழுகை மூன்றாவது அடியில் சாய்த்தேன். போன தடவை அது விழுந்தபோது துள்ளிக் குதித்தேன். இந்தத் தடவை கொட்டாவி வந்தது.

இப்போது உள்ளபடி சொல்: சேமித்து ஆடினால் இது எத்தனாவது? வரைபடத்தில் இரண்டாம் பாகத்துக்குக் கீழே. குதிப்பில் முதல் பாகத்துக்குக் கீழே. மூன்றாவது இடம். பிரேம்குமாரின் முதல் பாகம்கூட மேலே போய்விடுகிறது, என்ன செய்ய.

அப்படியானால் நான் எழுதியது பொய்யா? நான் ஆடினது பொய் இல்லையே! அந்த ஆறே முக்கால் மணி நேரம் பயந்து பயந்து ஏறினது பொய் இல்லையே!

மணியை அடித்தே ஆக வேண்டும் என்று ஆட்டம் சொல்லவில்லை. அடிக்காமலும் கடந்து போகலாம். இன்று இரண்டு அறையை அடிக்காமல் தாண்டிப் பார்த்தேன். உள்ளங்கை உடனே வேர்த்தது.

2.5.2007

ஆசிரியருக்குப் போன் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் ஆளில்லை. "அந்தப் பையன் சொன்னது சரிங்க சார். தப்பு என்னுது" என்றேன்.

"சரிம்மா, மூலையில ரெண்டு வரி திருத்தம் போட்டுருவோம். யாரும் கண்டுக்க மாட்டாங்க. பக்கத்த இந்தத் தடவ வேற ஆளுக்குக் குடுத்துடறேன். அடுத்த போட்டிக்கு எழுது" என்றார்.

நல்ல மனிதர். எனக்குத்தான் கோபம் வந்துவிட்டது. "மூலையில வேணாங்க சார். ரெண்டு பக்கம் குடுங்க. என் தப்ப நானே எழுதறேன். ஆனா மூணாவதுதான் ஒஸ்தின்னு எழுதுவேன்."

"இன்னுமாம்மா?"

"இன்னுந்தாங்க சார்."

சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "அனுப்பு, படிக்கிறேன். பக்கம் உனக்குன்னு சொல்லல, பாத்துக்க."

6.5.2007

காலையிலிருந்து எழுதினேன். செத்த பேட்டரி, செலோடேப், டொக் சத்தம், பாத்ரூம் அழுகை, எல்லாம். மணி அறைப் பத்தியை அப்படியே மறுபடி எழுதி, கீழே "இது சேவ் பட்டன்" என்று போட்டேன். அழகேசன் கடிதத்தையும் முழுசாகப் போட்டேன், சமையல் குறிப்பு உட்பட.

கடைசிப் பத்தி மட்டும் இங்கே: "மணி அடித்து ஆடினால் மூன்றாம் கெல்மோராவுக்கு மூன்றாம் இடம். அடிக்காமல் ஆடினால் முதலிடம். இரண்டையும் ஆடியவள் சொல்கிறேன். மறுப்பவர்கள் முதலில் மணி அடிக்காமல் முடித்துவிட்டு வரவும்."

அப்பாவிடம் காட்டினேன். இந்தத் தடவை சிவப்பு மை எடுக்கவில்லை. "இவ்வளவையுமா சொல்லணும்?" என்றார். சொல்லணும்ப்பா என்றேன்.

4.6.2007

ஜூன் இதழில் வந்திருக்கிறது. ஒரு வரி வெட்டவில்லை. சென்டரில் பிள்ளைகள் என்னைப் பார்த்து "டொக்" என்கிறார்கள். சொல்லிட்டுப் போகட்டும்.

மே மாதம் சொல்கிறேன் என்ற முடிவு இன்னும் வரவில்லை. கேட்க மாட்டேன். (கேட்கத் துடிக்கிறது.)

21.6.2007

சென்டருக்குப் பெரிய கவர். கடிதங்கள். முப்பத்தொன்று. பாதிப் பேர் திட்டு, "அடிக்காமல் ஆடுவது பைத்தியக்காரத்தனம்." மீதிப் பேர் எத்தனாவது கோட்டையில் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். உடையார்பாளையத்திலிருந்து கொளஞ்சியம்மாள் என்று ஒரு அக்கா, மூன்று பிள்ளைக்குத் தாயாம், நாலாம் கோட்டை வரை போயிருக்கிறாள். நாளைக்கே அவளுக்கு எழுத வேண்டும்.

மேலே முருகையன் சாரின் துண்டுச் சீட்டு: "ஆகஸ்ட் இதழிலிருந்து பக்கம் உனது. பத்தாம் தேதிக்குள் அனுப்பவும். தாமதித்தால் திட்டுவேன்."

நாலு தடவை படித்தேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சம்பளம் உண்டாடி?" என்றாள். கொஞ்சம் உண்டு என்றேன். அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மழையே இல்லை. தெருக்கோடிக் கடையில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கட்டின் அடியில் ஒரு இன்லண்டு லெட்டர். பெரம்பலூர்.

"அக்கா, மணி அடிக்காமல் ஒன்பது தடவை ஆடிவிட்டேன். ஐந்தாம் கோட்டையில் தண்ணீர் ஏறும் கிணற்றைத் தாண்டவே முடியவில்லை. தூக்கமே வரவில்லை. நீங்கள் எப்படித் தாண்டினீர்கள்? தயவுசெய்து சொல்லவும். சமையல் குறிப்பு என்று எழுதியது தப்பு. அழகேசன்."

கிணற்றில் இறங்கியதும் இடப்பக்கச் சுவரில் கொக்கியை மாட்டிவிட்டு, தண்ணீரே தூக்கும் வரை சும்மா தொங்க வேண்டும். அவ்வளவுதான். போஸ்ட் கார்டில் எழுதியும் விட்டேன், விலாசத்தோடு.

சனிக்கிழமை தபாலில் போடுகிறேன். இன்னும் ரெண்டு நாள் செத்துப் பார்க்கட்டும்.