அறுக்காமல் விட்ட எட்டு அடுக்குகள்

என் வாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருக்கும் மூன்றாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கண் விழிக்கும்போதே நினைத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது. அதனால் மதிய இடைவேளையில் லேப் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நின்றுகொண்டே படிக்காதே. மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நேற்று துணி காயப்போடும் கொடிக்காக மேல்வீட்டுக்காரியோடு ஒரு சண்டை. கோயிலுக்கு வரச் சொன்னால் நகராத கால், சண்டைக்கு மட்டும் எப்படி மாடி ஏறுகிறதோ! காலண்டரில் உன் வாரங்களை வட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நீயும் இப்போதைக்குச் சொல்லாதே.

நீ அச்சகத்து வேலையை விட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். மை வாசனை பிள்ளைக்கு ஆகாது என்றாயாம். பக்கத்து வீட்டில் கதவுக்குப் பெயிண்ட் அடித்த அன்று தெருமுனை வரை போய் நாள் முழுக்க நின்றிருந்தாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தப் பயத்தை உன் தலையில் ஏற்றி வைத்தவள் நான்.

உன் தலைப்பிள்ளை துரையைப் பற்றி நாம் நாலு வருஷமாகப் பேசியதே இல்லை. சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தான். எல்லோரையும் காக்க வைத்துவிட்டு வந்த பெரிய துரை என்று நான்தான் பேர் வைத்தேன். வேறு பேர் வைக்க நேரமில்லாமல் போய்விட்டது. முதல் நாள் அத்தனை பேரும் தூக்கினோம். நல்ல நிறமாக இருந்தான். என் சுண்டுவிரலை விடவே இல்லை. மறுநாள் காலையில் உதடு நீலமானது. எவ்வளவோ பார்த்தார்கள், அன்று சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

எதனால் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் அழுகையைப் பார்க்க முடியாமல் ஏதாவது ஒரு பதில் கொடுத்தால் போதும் என்று, எட்டாம் மாதத்தில் ஸ்டூல் மேல் ஏறி அறைக்குப் பெயிண்ட் அடித்தாயே, அந்த வாசனை அவன் மூச்சில் சேர்ந்திருக்கும் என்று சொன்னேன். சொன்ன வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். எனக்கு அது தெரியாது. தெரியாமலே சொன்னேன்.

அடுத்தது இதைவிடப் பெரிய தப்பு. எதனால் போனான் என்று அறுத்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட நீயும் மாப்பிள்ளையும் தயங்கினீர்கள். எங்கள் லேபுக்குத்தான் வரும், வேறு யாரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நான்தான் சம்மதிக்க வைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அக்கா, ரொம்ப வெட்டாம பாத்துக்க.”

அவன் நுரையீரலில் ஒரு துண்டு, மெழுகுக் கட்டிக்குள் வைத்து, நம்பர் போட்டு என் மேஜைக்கு வந்தது. என் உறவுக்காரப் பிள்ளை என்று சொல்லியிருந்தால் வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதிருந்த பெரிய டாக்டர் ஆழமாகப் பத்து அடுக்கு அறுத்து ஸ்லைடு போடச் சொல்லி எழுதியிருந்தார். நான் மெழுகுக் கட்டியை மெல்லிய ஏடாக அறுக்கும் எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி, ஓரத்தில் இரண்டே அடுக்கு எடுத்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. பதிவேட்டில் ‘திசு தீர்ந்துவிட்டது’ என்று எழுதி, கட்டியை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டேன். பெரிய டாக்டர் அந்த இரண்டு ஸ்லைடைப் பார்த்து, மூச்சுத்திணறல், காரணம் தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டார். இருபது வருஷ வேலையில் நான் எழுதிய ஒரே பொய் அது. நீ சொன்னதால் செய்தேன் என்று உன் மேல் போடவில்லை. எனக்கே மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது புது டாக்டரம்மா வந்திருக்கிறார். சின்ன வயசு, கண்ணில் எதுவும் தப்பாது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த, பிறந்த குழந்தைகளின் பழைய நுரையீரல் கட்டிகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். நான் எடுக்காமல் இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் அவரே இழுப்பறையைத் திறந்துவிட்டார். கட்டியையும் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு, “தீந்துடுச்சுன்னு எழுதியிருக்கு. இவ்வளவு மிச்சம் இருக்கே?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

“நான் எழுதினதுதான் டாக்டர். அது என் தங்கச்சி பையன்” என்றேன்.

கட்டியை மேஜை மேல் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். மிச்சத்தை வேறு ஆள் அறுக்கட்டும் என்றார். வேண்டாம் என்று சொல்லி எட்டு அடுக்கையும் நானே அறுத்தேன். கை நடுங்கவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளையின் நுரையீரலுக்கு வேலை கிடையாது, மூச்சுக்குத் தாய் இருக்கிறாள். இதயத்திலிருந்து கொஞ்சம் ரத்தம்தான் அங்கே போகும், மிச்சமெல்லாம் குறுக்கு வழியில் திரும்பிவிடும். ஆனால் வேலையில்லாத அந்த மாதங்களில்தான் உள்ளே பாதை போடுகிறார்கள் என்றார். யாரோ கொத்தனாரைச் சொல்வது போலவே சொன்னார். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரியும். ரத்தம் கொண்டுவரும் குழாய் ஒவ்வொரு கிளையோடும் ஒட்டிக்கொண்டே போகும். திருப்பிக் கொண்டுபோகும் குழாய் அதோடு சேராமல் தள்ளித் தனியாக வரும். கடைசியில் காற்றறைகளைச் சுற்றி முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் வலை பின்னும். பிள்ளை பிறந்து முதல் அழுகை அழுததும், அதுவரை இறுகிக் கிடந்த குழாய்கள் எல்லாம் திறந்து ரத்தம் பாயும்.

நம் துரைக்கு அந்தத் திரும்பிப் போகிற குழாய் தனியாக வரவில்லை. கொண்டுவரும் குழாயோடு ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வலையும் சரியாகப் பின்னவில்லை. காற்றறைக்குத் தள்ளி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. காற்று வந்தது, ரத்தமும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டியிருக்கிறான் பாவி.

வாலு, இதை மட்டும் இரண்டு தடவை படி. கிளைகளும் அவற்றோடு போகும் பெரிய குழாய்களும் பிரிந்து முடிவது நாலாம், ஐந்தாம் மாதத்துக்குள். நீ ஸ்டூல் மேல் ஏறியது எட்டாம் மாதம். நான் டாக்டரம்மாவிடம் பெயிண்ட் கதையைச் சொல்லிக் கேட்டேன். “அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. கரு உண்டானப்பவே விழுந்த பிழை இது. யாரும் பண்ணினதில்ல” என்றார். நீ ஒன்றும் செய்யவில்லை. நாலு வருஷமாக உன்னை நான் சும்மா கொன்றிருக்கிறேன்.

பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. குளியலறைச் சுவரில் தண்ணீர் வரும் குழாயும் போகும் குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இத்தனை வருஷம் கண்ணில் படாதது இப்போது மட்டும் படுகிறது. கண்ணை மூடிக்கொண்டுதான் குளிக்கிறேன். எந்திரத்தைச் சுற்றினால் பின்னால் யாரோ சின்னதாக மூச்சு இழுக்கிற மாதிரி சத்தம். எண்ணெய் போட்டேன். சத்தம் நிற்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்கவில்லையாம். சுண்டுவிரலைச் சில நேரம் மடக்க முடியவில்லை. அம்மாவிடம் சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு இப்போது ஐந்தாம் மாதம் நடக்கிறது. இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இது பெரும்பாலும் ஒரு பிள்ளையோடு நின்றுவிடுமாம். சில குடும்பங்களில் மட்டும் திரும்ப வருமாம். ஸ்கேனில் சாதாரணமாகத் தெரியாது. உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் ரத்தம் எடுத்து, மெழுகில் மிச்சமிருக்கும் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறதாம். கண்டுபிடித்துவிட்டால், பிள்ளையைச் சுற்றியுள்ள நீரைப் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்களாம். அன்றைக்கே நான் பத்து அடுக்கையும் அறுத்திருந்தால், நீ மறுபடி உண்டாவதற்கு முன்னாலேயே இதையெல்லாம் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தை உன்னிடமிருந்து பிடுங்கியவள் நான்தான்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பாய். இருக்கிறது என்று வந்தால், அதற்கு மருந்து இல்லை. உன்னிடம் ஒரு தடவை மறைத்ததே போதும், இனி மறைக்க மாட்டேன். இல்லை என்று வந்தால், நீ வேலைக்குப் போவாய், எல்லா வாசனையும் முகர்வாய், கட்டிலில் தெற்கும் வடக்குமாகப் புரண்டு நன்றாகத் தூங்குவாய். எது வேண்டும் என்பதை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். முடிவு செய்வதற்கு முன்னால் உண்மை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பதிவேட்டில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை வரும். வேலை போனால் போகட்டும், அதைப் பற்றி நீ ஒன்றும் நினைக்காதே.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரம்மா உங்கள் இருவருக்கும் நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் சொல், அன்று லீவு போட்டுவிடுகிறேன். நீ திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் இருந்தாலும் சரி. வந்துவிட்டு மட்டும் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

உள்ளே இருப்பவர் வந்து, பிறந்த அன்று மட்டுமல்ல, மூன்றாம் நாளும் முப்பதாம் நாளும் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிற அளவுக்கு அழ வேண்டும். நீ எரிச்சல்பட்டு அலுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் கையைப் பிடித்துக்கொள்ள இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாத
அக்கா