நீ எடுத்த படத்தில் என் முகம்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே எங்கள் பொழுது போகிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சுவரில் இருக்கும் கீறலெல்லாம் தெரிகிறதாம், இத்தனை வருஷமும் இந்த ஒட்டடையோடா குடித்தனம் பண்ணினோம் என்று என்னைக் கேட்கிறார். போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவாய், தபாலில் போட்டால் நாளாகும் என்றுதான் இதைக் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். பொறுமையாகப் படி.

போன தடவை வந்திருந்தபோது எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னை ஒரு படம் எடுத்தாயே, வெள்ளைக் கோட்டும் கையில் ரத்தக் குழாய்களுமாக நான் சிரித்துக்கொண்டிருப்பேன், வலிக்காமல் ஊசி குத்துகிறவள் என் அம்மா என்று எழுதி உன் இணையப் பக்கத்தில் போட்டாய். அந்தப் படம் இப்போது சர்க்கரை நோய்க்கு ஏதோ ஒரு பொடி விற்கிறது. என் தலைக்கு மேல் ‘மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்’ என்று கொட்டை எழுத்து. எனக்கு இது தெரிந்ததே நம் டிரைவர் அண்ணனால்தான், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மாதாமாதம் என்னிடம்தான் ரத்தம் கொடுப்பார். இந்தத் தடவை சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றேன். “நீங்கதானேம்மா நிறுத்தச் சொன்னீங்க” என்று போனை நீட்டினார். பார்த்தால் நான். எனக்குப் பின்னால் நாற்காலியில், கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு அவர். “நானும் அதுல இருக்கேனே, நம்மளப் பாத்துத்தான் இந்த மருந்தையே கொண்டாந்திருக்காங்கன்னு நெனச்சிட்டேன்” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கையோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். அவர் என்னிடம் வந்தார், பிழைத்தார். என் முகத்தை நம்பி வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

விளம்பரத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பையன் எடுத்து, படம் பூட்டுப் போடாமல் எல்லாரும் பார்க்கும்படிதானே இருந்தது, அதனால் எடுத்தோம் என்றான். நான் துணியைக்கூட எல்லாரும் பார்க்கும்படிதான் காயப்போடுகிறேன், எடுத்துக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டேன். கோபப்படாதீங்க மேடம், ரெண்டு டப்பா பொடி ஃப்ரீயா அனுப்பறோம் என்றான். சரி, விளம்பரம் வந்த தளத்திலேயே புகார் கொடுப்போம் என்று போனால், இந்தப் படம் உங்களுடையதா என்று கேட்டது. என் முகம்தானே, ஆமாம் என்றேன். நீங்கள் எடுத்ததா என்று கேட்டது. இல்லை என்று உண்மையைச் சொன்னேன். புகாரை ஏற்க முடியாது என்று வந்துவிட்டது. மாடி வீட்டு வக்கீலம்மா விஷயத்தை விளக்கினார். பொதுவில் போட்டதால் ஒரு படம் ஊர்ச் சொத்து ஆகிவிடாதாம், பெரும்பாலும் படம் எடுத்தவருக்குத்தான் அதன் மேல் உரிமையாம். முகத்தை வியாபாரத்துக்கு இழுத்ததற்கு நான் தனியாக நோட்டீஸ் விடலாம், அதற்கு நாள் பிடிக்கும், சீக்கிரம் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் மகள்தான் எழுத வேண்டும் என்றார். அதனால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, உன் போனில் இருக்கும் மூலப் படத்தை வைத்துப் புகார் கொடு. எனக்காக என்று நினைக்காதே, மாத்திரையை நிறுத்தியவர்களுக்காக.

இன்னொன்றும் இருக்கிறது. இதையெல்லாம் டிரைவர் அண்ணனிடம் சொன்னபோது, “அவன் பாப்பாவக் கேக்கல, சரி. பாப்பா என்னையக் கேட்டுச்சா?” என்றார். பாப்பா என்றது உன்னைத்தான். கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். பரிசோதனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் நோயை ஊருக்குக் காட்ட வருவதில்லை, கண்ணு. உன் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லட்டுமா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், மறுநாள் தேய்த்த சட்டையும் சீவிய தலையுமாக வந்து நின்றார். பழசை எடுத்துவிட வேண்டுமாம், அதில் தலை கலைந்து, கண் பாதி மூடி இருக்கிறதாம். வேறு படம் எடுத்து, பொடி விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று தான் சொன்னதாகப் போட வேண்டுமாம். மாத்திரை அட்டையை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பஸ் லைசென்ஸ் படத்துக்கு நிற்பவர் போல விறைப்பாக நின்றார். என் போனில்தான் எடுத்தேன். இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பனியில் காதை மூடிக்கொண்டு போ. ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம்போல் வாழ வேண்டும். புகாரை மறந்துவிடாதே. டிரைவர் அண்ணன் படத்தை நீ தாராளமாகப் போடலாம், அவர் சம்மதம் கொடுத்துவிட்டார். எடுத்தவள் நான், நானும் கொடுத்தேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா