சித்தியின் சர்வரோக டப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நலமில்லாத இடங்களைக் கீழே எழுதுகிறேன். நீயும் சாப்பிட்டுத் தூங்கி ஒழுங்காக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மாதாமாதம் வயிற்றுவலி தாங்கவில்லை, இரண்டு டப்பா மூலிகை க்ரீம் அனுப்பி வை என்று சித்தியிடம் கேட்டாயாம். பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, தங்கச்சிக்குப் போன் போகிறது. போகட்டும். டப்பா வராது, அதன் கதை மட்டும் வருகிறது, படி. உன் சித்தி தையல் மெஷினை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நாளாக இந்த க்ரீமைத்தான் விற்றுக்கொண்டிருந்தாள். டப்பாவின் மேல் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி புல்வெளியில் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள், அப்படி ஓடினால் முட்டி என்னவாகும் என்று மட்டும் போடவில்லை. வயிற்றில் தடவினால் மாதவிலக்கு வலி போகும், பிடரியில் தடவினால் உடம்புச் சூடு போகும், நெற்றியில் தடவினால் கோபம் போகும் என்றாள். யாருக்குக் கோபம் போகும், தடவுகிறவளுக்கா கூட இருக்கிறவருக்கா என்று கேட்டேன், முறைத்தாள். எனக்கும் இது நிற்கிற வயது, சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியும் நானும் யார் அதிகம் கொதிக்கிறோம் என்று போட்டி போடுகிறோம், சரி என்று பிடரியில் தடவிக்கொண்டு போனேன். சூடு சூடாகவே இருந்தது, அரிப்பு மட்டும் புதிதாகச் சேர்ந்தது. கோட்டு வாங்க வந்தவர் மோந்து பார்த்துவிட்டு, இதை மருந்துக் கடையிலயா தொவைச்சீங்க என்று கேட்டார். உன் அப்பா சும்மா இருப்பாரா, மூலிகைக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா என்று வழுக்கையில் தடவிக்கொண்டார். முடி முளைக்கவில்லை, மண்டை பளபளப்பதில் ஒரு ட்யூப்லைட் மிச்சம்.

அந்த அரிப்புக்குச் சண்டை போடத்தான் சித்தி வீட்டுக்குப் போனேன். குளியலறையில் கை கழுவப் போனால் வாளியில் படுக்கை விரிப்பு ஊறிக்கொண்டிருக்கிறது, தண்ணீரெல்லாம் ரத்தம். அவளுக்கு நின்று இரண்டு வருடம் ஆயிற்றே என்று கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தேன். கேட்டால் வெட்கமும் பெருமையுமாகச் சொல்கிறாள், "திரும்ப வந்திருக்குக்கா. க்ரீம் வேலை செய்யுது. உடம்பு இளமைக்குத் திரும்புதுன்னு கம்பெனி மீட்டிங்ல சொன்னாங்க." என் வாயில் வந்ததைக் கடிதத்தில் எழுத முடியாது. நின்னு போனது திரும்ப வந்தா அது இளமை இல்லடி, உடனே காட்ட வேண்டிய சமாச்சாரம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா எத்தனை நாளாக என்று கேட்டார், நாலு மாசம் என்றாள். இத்தனை மாசம் என்ன பண்ணீங்க என்று அவர் பேனாவைக் கீழே வைத்தார். உன் சித்தி தலையைக் குனிந்துகொண்டு, "தடவினேன்" என்றாள். ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை நான் அவளை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதில்தான் அவள் ரொம்பப் பயந்துபோனாள். "அக்கா, ஏதாவது திட்டேன்" என்று அழுதாள். எனக்குத் திட்டு வரவில்லை. நல்லவேளை, சாதாரணச் சதை வளர்ச்சிதானாம், எடுத்துவிட்டார்கள். முடிவு தெரியாமல் உன்னையும் கலவரப்படுத்துவானேன் என்றுதான் முன்பே எழுதவில்லை.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், க்ரீம் வாங்கின ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு, நின்ற பிறகு ரத்தம் பட்டால் தடவாதே, டாக்டரிடம் ஓடு என்று சொன்னதுதான். செய்தி போய், கழுத்துப்பட்டை கட்டின பையன் ஒருவன் கம்பெனியிலிருந்து வந்தான். நெகட்டிவ்வா பேசாதீங்க மேடம், நம்பிக்கைதான் மருந்து என்றான். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா தம்பி என்று சித்தி சாந்தமாகக் கேட்டாள். வந்த சுவடு தெரியாமல் போய்விட்டான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சருக்குப் போன் செய்தபோது அவள் மெதுவாக, "எனக்கும் படுது. நீங்க சொன்னதால நல்லதுன்னு இருந்துட்டேன்" என்றாளாம். சித்தி அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனாள். அவளுக்கு வந்திருப்பது அந்தப் பொல்லாத நோயேதான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப்போவது சித்திதான். இப்போது ராத்தூக்கம் இல்லாதவள் அவள். அதற்கு எந்த டப்பாவிலும் மருந்தில்லை.

உனக்கு இருப்பது வேறு வலி, தெரியும். சுடுநீர்ப் பை வைத்துக்கொள், ஆனால் அதோடு விட்டுவிடாதே, நல்ல டாக்டரிடம் போ. போய், கொஞ்சம் வலிக்குது என்று நாசூக்காகச் சொல்லாதே, எழுந்திருக்க முடியவில்லை என்று உள்ளதைச் சொல். வலியை வலி என்றே சொல்லும் வாயும், அதைக் கேட்கும் மனிதர்களும் வாய்த்து நீ நன்றாக இரு மகளே. ஒன்றை மறக்காதே, அந்த டாக்டர் கல்யாணமானா எல்லாம் சரியாயிடும் என்று சொன்னால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த டாக்டரிடம் போ. நான் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் எனக்கு ஒன்றும் சரியாகவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா