வெட்டிக்கொண்ட இரண்டு கோடுகள்

3 ஆகஸ்ட் 1992
நான் எழுதிய புரோகிராம் ஓடிவிட்டது. புள்ளிகளைக் கொடுத்தால் போதும். எங்கள் கைடு பக்தவச்சலம் சாரின் விதிப்படி அவற்றை இணைக்கும் கோடுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் திரையில் வரைகிறது. எந்தக் கோடும் இன்னொன்றை வெட்டாது என்பதுதான் அந்த விதியின் உயிர். எனக்கு சீனியரான கிட்டுவின் ஆராய்ச்சி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

6 ஆகஸ்ட்
ஒரு படத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டன. என் தப்பாகத்தான் இருக்கும்.

10 ஆகஸ்ட்
தப்பு அகப்படவில்லை. சாரிடம் காட்டினேன். "உங்க புரோகிராம்லதான் கோளாறும்மா. கிட்டுகிட்ட சொல்லிக் கலவரப்படுத்தாதீங்க. அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கறான்."
என் கோளாறுதான் என்றால் கிட்டுவிடம் சொன்னால்தான் என்ன?

13 ஆகஸ்ட்
மழை. கேம்ப் ரோட்டில் பஸ் நகரவில்லை. லேட்டாகப் போனால் என் மெஷினில் கிட்டு. என்னைப் பார்த்ததும் திரையை அணைத்துவிட்டார். "சும்மா டைப்பிங், ரமா."
டைப்பிங்குக்கு, என் புள்ளிகள் இருக்கும் ஃபிளாப்பி மெஷினில் எதுக்கு?

19 ஆகஸ்ட்
ஃபிளாப்பி உறையில் தலைகீழாக இருக்கிறது. கேன்டீனில் சாரும் கிட்டுவும் பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் போனதும் நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் படத்தை அழிச்சிடுவாங்களோ? கிட்டு இடத்தில் நான் இருந்தால் — அழிச்சிருப்பேனா?

20 ஆகஸ்ட்
யாரிடம் போய்ச் சொல்ல?

26 ஆகஸ்ட்
சார் கூப்பிட்டார். அறையில் கிட்டுவும் இருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மடக்கப் போறாங்க என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.
கிட்டு ஒரு பிரின்ட் அவுட்டை மேஜைமேல் வைத்தார். அதே வெட்டு. ஆனால் என் புரோகிராம் வரைந்த படம் இல்லை.
"அன்னைக்கு ரமா உங்ககிட்ட காட்டினப்போ வாசல்ல நின்னுகிட்டிருந்தேன் சார். நம்பாம நானே தனியா ஒரு புரோகிராம் எழுதினேன். புள்ளிகளை மட்டும் அவங்க ஃபிளாப்பியிலேர்ந்து எடுத்தேன். இதுலயும் வெட்டுது. கையால போட்டும் பார்த்துட்டேன்."
சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ உன் தீசிஸ்?"
"நிக்காது சார்."
தாம்பரம் ஸ்டேஷன் வரை அவரோடு நடந்தேன். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றேன்.
"உங்க புரோகிராம் தப்புன்னு காட்டத்தான் ஆரம்பிச்சேன். அதுக்கு உங்ககிட்டயே எப்படிக் கேக்கறது?"
ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

14 செப்டம்பர்
இத்தனை நாள் கழித்துக் கிட்டு வந்தார். இளைத்திருக்கிறார். நாற்காலியை என் மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். புதுத் தீசிஸுக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன்.
"தலைப்பெல்லாம் அப்புறம். எந்த மாதிரிப் புள்ளிகளுக்கு வெட்டுதுன்னு முதல்ல பார்ப்போம். உங்க படத்தைப் போடுங்க."
போட்டேன்.