எந்தப் பெயரில் கொடுத்தாலும்

பாரிவாக்கம்,
12-7-1938

பிரியமுள்ள அண்ணனுக்கு,

தங்கை வடிவு எழுதிக்கொண்டது. நானும் கைக்குழந்தையும் சுகமாக இருக்கிறோம். அண்ணிக்கு இருமல் நின்றதா? ஆடிக்கு அழைக்க வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குச் சங்கத்து வேலையே சரியாக இருக்கிறது போலும்.

அந்தச் சங்கத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். இரண்டாம் டிவிஷன் கால்பந்துக் கிளப்புகள் எந்த ஆட்டக்காரருக்கும் மாதம் பதினெட்டு ரூபாய்க்கு மேல் தரக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறீர்களாம். இவர் ஆடும் ஆவடி கிளப்பின் முதலாளி உலகநாதன் வந்து சொன்னார். சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் அதை எழுதியதே நீங்கள்தானாம்.

உங்கள் மாப்பிள்ளையை அதே டிவிஷனில் ஆடும் பட்டணத்துக் கிளப் ஒன்று முப்பது ரூபாய்க்குக் கூப்பிட்டிருந்தது. அதை நம்பிக் குத்தகை நிலத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அவர் கோபப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "எங்க கூலிக்கு வரம்பு கட்டினாங்க, சரி. டிக்கெட்டு வசூலுக்கு இன்னா வரம்பு கட்டினாங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் செல்லத் தங்கை,
வடிவு

பெரம்பூர்,
17-7-1938

என் கண்ணான தங்கை வடிவுக்கு,

அண்ணன் மணவாளனின் ஆசீர்வாதம். அண்ணிக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஆடிப் பெருக்குக்குள் வந்து அழைத்துப் போகிறேன், கோபிக்காதே.

மாப்பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. கமிட்டியில் நானும் கேட்டேன், முதலாளிகள் சிரித்தார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். பணமுள்ள மூன்று கிளப்புகள் போன வருஷம் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாரிக்கொண்டு போயின. அவர்களோடு போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றிய இரண்டு சின்னக் கிளப்புகள் மூடிப்போயின. அதில் ஆடிய அத்தனை பேரும் இன்று கல் உடைக்கிறார்கள். வரம்பு இல்லாவிட்டால் அடுத்து மூடுவது ஆவடி கிளப்தான். மாப்பிள்ளை ஒருவருக்கு முப்பது கிடைக்கும், மற்றப் பத்துப் பேருக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் எழுதினேன். மனமறிந்து யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

உன் அண்ணன்,
மணவாளன்

பாரிவாக்கம்,
3-9-1938

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. போன வாரம் ஆட்டத்தில் எதிராளியின் பூட்ஸ் இவர் வெறுங்காலில் இறங்கி எலும்பு முறிந்துவிட்டது. கட்டு வைத்தோம். உள்ளே சீழ் பிடித்துக் கால் கறுத்து வருகிறது. தர்ம ஆஸ்பத்திரியில் காலை எடுக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். பட்டணத்தில் ஓர் எலும்பு டாக்டர், சீக்கிரம் கொண்டு வந்தால் காப்பாற்றிப் பார்க்கிறேன் என்கிறார். அவருக்குக் கொடுக்கும் பணம் எங்களிடம் இல்லை.

உலகநாதன் கொடுக்கத் தயார். ஆனால் உங்கள் சட்டத்தைக் காட்டுகிறார். 'எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது சம்பளமே' என்று எழுதியிருக்கிறதாம். கொடுத்தால் கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்களாம். கொடுக்கலாம் என்று காரியதரிசி கையெழுத்தில் ஒரு வரி வந்தால் இந்த நிமிஷமே தருகிறேன் என்றார்.

அந்த ஒரு வரியை இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்புங்கள். இவர் ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

வடிவு

பெரம்பூர்,
3-9-1938

அன்புத் தங்கை வடிவுக்கு,

உன் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். வந்த ஆளை உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த வரியை நான் தனியாக எழுத முடியாது அம்மா. சம்பளத்துக்கு மேல் பணம் கொடுக்க நினைப்பவர்கள் அதற்கு மருந்துச் செலவு, கல்யாணச் செலவு என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்றுதான் அப்படி எழுதினேன். போன மாதம் ஓர் ஆட்டக்காரர் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்த கிளப்புக்கு நானே தண்டனை போட்டேன். இன்று என் தங்கை புருஷனுக்கு என்று நானே மாற்றினால் அந்தச் சட்டத்தை யார் மதிப்பார்கள்? கமிட்டி இருபதாம் தேதி கூடுகிறது. அங்கே கட்டாயம் வாங்கித் தருகிறேன்.

அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்த பணத்தை வந்த ஆளிடமே கொடுத்திருக்கிறேன். போதாது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அண்ணன்

பெரம்பூர்,
21-9-1938

அன்புத் தங்கை வடிவுக்கு,

சந்தோஷமான செய்தி. வைத்தியச் செலவு சம்பளத்தில் சேராது என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. உலகநாதனுக்கும் எழுதிவிட்டேன். மாப்பிள்ளையை உடனே பட்டணத்துக்கு அழைத்து வாருங்கள். நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். உன்னிடமிருந்து ஏன் ஒரு வரியும் இல்லை?

அண்ணன்

பாரிவாக்கம்,
14-11-1938

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்பே காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே. ஜுரம் தலைக்கேறிவிட்டதால் காத்திருக்க முடியவில்லை. இத்தனை நாள் எழுத எனக்குக் கை வரவில்லை.

இவர் உயிரோடு இருக்கிறார். உலகநாதனின் ரைஸ் மில்லில் மூட்டை தைக்கிறார். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கப்போய் விழுகிறார். தூக்கிவிடப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் நடவுக்குப் போகிறேன். அண்ணியின் பணம் வண்டிக்கும் மருந்துக்கும் உதவியது. அதை நான் மறக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றி இவரிடம் கடுமையாகப் பேசினேன். "மச்சான் மேல தப்பு இல்ல வடிவு. அவரு எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் சட்டம் நியாயமாகவே இருக்கட்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். அன்று ஆள் அனுப்பியது காரியதரிசிக்கு இல்லை.

தை மாதம் குழந்தைக்குக் காது குத்துகிறோம். இவருடைய சித்தப்பா மகன் கோவிந்தன் மடியில் உட்கார வைப்பது என்று பேசியாகிவிட்டது. தாய்மாமன் சீரும் அவர்களே கொண்டுவருகிறார்கள். நீங்கள் பயணம் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
எத்திராஜ் சம்சாரம் வடிவாம்பாள்