நீ மடித்து வைத்த இறக்கை

மாப்ள, உன் ஹார்னஸ் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பறக்கும்போது உடம்பைத் தாங்குகிற அந்தப் பையை, போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு உன் மனைவி திருநகருக்கே கொண்டுவந்து கொடுத்தாள். “நீங்களே வச்சுக்கங்கண்ணே, பீரோவத் தொறந்தாலே இதுதான் கண்ணுல படுது” என்றாள். அவள் போன பிறகு மார்புப் பக்கத்து ஜிப்பை இழுத்தேன். குப்பென்று ஓம வாசனை. உள்ளே ஓமத் தண்ணீர் பாட்டில், பாதி காலியாக. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எதற்கெடுத்தாலும் வாய்வு உனக்கு. தோள்பட்டை வலித்தால் வாய்வு, மாடியேறி மூச்சு வாங்கினால் வாய்வு. டாக்டரிடம் போடா என்றால் இந்த பாட்டிலைத்தான் ஆட்டிக் காட்டுவாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நீ. ஊரான் பிள்ளைகள் போட்ட தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவனுக்குத் தன் உடம்பு போட்ட கணக்கு மட்டும் விளங்கவில்லை.

நம் பாராகிளைடிங் விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாதியில் தரையிறங்கியவன் நன்றாக இருந்தால் உடனே துணி இறக்கையை மடித்துவிட வேண்டும். விரித்தபடியே கிடந்தால் அடிபட்டிருக்கிறான் என்று அர்த்தம். மேலே வருகிறவன் போட்டியை விட்டுவிட்டு இறங்கியாக வேண்டும். நீ போவதற்கு முந்தைய வருடம் ஒரு சோளக்கொல்லை ஓரம் இறங்கினாய். ஊரே கூடி உன்னை நிறுத்தி வைத்து செல்ஃபி எடுத்தது. இறக்கை விரிந்தே கிடந்தது. நான் பதறியடித்து இறங்கி ஓடிவந்தால், நீ கூட்டத்துக்கு நடுவில் வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருக்கிறாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் முன்னணியில் இருந்த போட்டி அது. அதை நான் மறந்துபோனேன், நீ மறக்கவில்லை. “ஒன்ன ஒரு தடவ எறக்கி விட்டுட்டேன் மாப்ள” என்று டீக்கடையில்கூடப் புலம்புவாய்.

நீ போன அந்தப் பங்குனி நாளுக்கு வருகிறேன். உசிலம்பட்டிக்கு வெளியே தரிசில் ஜீப்பில் கயிறு கட்டி நம்மை ஒவ்வொருவராக மேலே இழுத்துவிட்டார்கள். எஞ்சின் இல்லாத இறக்கை. தரை சூடேறிக் கிளம்புகிற காற்றைத் தேடிப்பிடித்து, பருந்து மாதிரி சுற்றிச் சுற்றி உயர்ந்து, அடுத்த சூட்டுக்காற்று வரை சறுக்கிப் போக வேண்டும். பேரையூருக்குத் தெற்கே கரிசல் காட்டில் எல்லைக்கோடு. நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாய். உன் மஞ்சள் இறக்கை சுற்றுகிற இடத்தில் காற்று இருக்கும் என்று நம்பி நான் பின்னால் வந்தேன். திடீரென்று நீ சுற்றுவதை நிறுத்தி நேராகக் கீழே இறங்கினாய். காற்று கைவிட்டுவிட்டது போல என்றுதான் நினைத்தேன்.

நான் தட்டுத்தடுமாறி அந்த இடத்துக்கு மேலே வந்தபோது, கீழே பருத்திக்காட்டு ஓரத்தில் உன் இறக்கை மஞ்சள் கோடாகக் கிடந்தது. பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். ஆடுகள் மேய்ந்தன. வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன், பதில் இல்லை. அதுதான் மடித்துவிட்டானே என்று போய்விட்டேன். எல்லைக்கோட்டை முதலில் தொட்டேன். கை தட்டினார்கள். கை தட்டி ஓயுமுன் இறங்கியவர்களை ஏற்றிவரப் போன ஜீப்காரரிடமிருந்து போன் வந்தது. உன்னை ஏற்றிக்கொண்டு பேரையூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

உன் அடக்கம் முடிந்து நான் அந்தக் காட்டுக்குப் போனேன். அங்கே ஆடு மேய்க்கிற அக்காதான் நீ இறங்கியபோது பக்கத்தில் இருந்தவர். இறங்கியதும் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாயாம். வாய்வுதான் என்று சொல்லி இந்த ஓமத் தண்ணீரைக் குடித்தாயாம். அப்புறம் அண்ணாந்து என்னைப் பார்த்திருக்கிறாய்.

“மேல வாரவன் எறங்கிறப்படாதுக்கா, ஒரு கை புடிங்கன்னாரு தம்பி. வேர்த்துக் கொட்டுது, நிக்க முடியல அவருக்கு. நாந்தேன் ஒரு பக்கம் புடிச்சு மடிச்சுக் குடுத்தேன். தப்பாப் போச்சா தம்பி?”

 உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் மேல்தான் தப்பு. வாக்கி டாக்கியை ஏன் எடுக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. உன் குரலைக் கேட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். கணக்கு வாத்தியாரே, எனக்கு அந்தக் கோப்பை எம்புட்டுப் பெரிது என்று நினைத்தாய்? அது இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் கிடக்கிறது. உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நான் பறப்பதை விடவில்லை. ஆனால் கீழே மடித்த இறக்கையைக் கண்டால் இப்போது தாண்டிப் போவதில்லை. இறங்கியவன் எழுந்து நின்று கையை ஆட்டுகிற வரை தலைக்கு மேலேயே சுற்றுகிறேன். உயரம் போகிறது, நேரம் போகிறது, பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில் வருகிறேன். பையன்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

இந்த வருடமும் அந்தப் பருத்திக்காட்டு வழியாகத்தான் போட்டி. கீழே யாரும் இறங்கியிருக்கவில்லை. ஆனாலும் சுற்றினேன். ஆடுகளுக்கு நடுவிலிருந்து அந்த அக்கா அண்ணாந்து பார்த்து, முந்தானையை எடுத்து வீசி வீசிக் காட்டினார். அப்புறமும் எனக்கு அங்கிருந்து போக மனம் வரவில்லை, மாப்ள.